இசை மென்பொருள் ‘லைசென்ஸ் இல்லை’ என்று நின்றால்: மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வழிமுறை

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் இப்போது நிறைய. படுகப் பாட்டு ஆல்பம் செய்கிறவர்கள், சர்ச் குவையர் நடத்துகிறவர்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கு டிராக் போட்டுத் தருகிறவர்கள் என்று பல வகை. அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துத் தருவது என் வேலை. மைக், ஸ்பீக்கர் பழுதைவிட, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் “லைசென்ஸ் இல்லை” என்று நின்றுவிட்டது என்றுதான் அதிகம் கூப்பிடுகிறார்கள். அதுவும் நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழை, கரண்ட் கட், மண்சரிவு எல்லாம் வரும் அதே நேரத்தில்தான் கிறிஸ்துமஸ் கேரலும் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைப் பாட்டும் முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

திருடாமல் காசு கொடுத்தவர்தான் இந்தப் பூட்டுகளால் தவிக்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவே இல்லை. ஆனால் பெரும்பாலான தவிப்பை ஒரு ரூபாய் செலவில்லாமல் தீர்த்துவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

திரையில் வந்த செய்தியை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பிழை எண் இருந்தால் அது தெளிவாகத் தெரியட்டும். அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், விண்டோஸை ஃபார்மட் போடாதீர்கள். முக்கியமாக, எந்த இடத்திலும் ‘டீஆக்டிவேட்’ பட்டனை (லைசென்ஸை இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து விடுவிப்பது) அவசரத்தில் அழுத்தாதீர்கள். இணையம் சரியாக இல்லாத நேரத்தில் அதை அழுத்தினால் இருப்பதும் போய்விடலாம்.

அப்புறம், உங்கள் மென்பொருளில் இருப்பது எந்த வகைப் பூட்டு என்று பாருங்கள். யூஎஸ்பி போர்ட்டில் செருகும் டாங்கிள் (லைசென்ஸைத் தனக்குள் வைத்திருக்கும் சின்னக் கருவி) ஒரு வகை. உங்கள் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்ட லைசென்ஸ் இன்னொன்று. இணையத்தில் இருந்தே ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்கும் கிளவுட் அல்லது மாதச் சந்தா மூன்றாவது. வெறும் சீரியல் நம்பரோ ஒரு கீ ஃபைலோ கேட்பது நான்காவது. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் கீழே உள்ளவற்றில் எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அறிகுறி 1: டாங்கிள் செருகியிருக்கிறது, மென்பொருள் ‘காணவில்லை’ என்கிறது

முதலில் டாங்கிளில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

*விளக்கு எரியவில்லை என்றால்*

யூஎஸ்பி ஹப்பில், மானிட்டரில், கீபோர்டில் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில். முன்பக்க போர்ட்டுகள் உள்ளே ஒரு மெல்லிய கேபிளில் வருகின்றன. அதுதான் முதலில் தளர்ந்து போகும்.

அடுத்தது ஈரம். இந்த ஊர் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும். மாதக்கணக்கில் டிராயரில் கிடந்த டாங்கிளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: உள்ளே இருக்கும் நான்கு உலோகப் பட்டைகளும் பளபளவென்று இல்லாமல் மங்கிப் போயிருக்கும், சில சமயம் ஓரத்தில் பச்சை படிந்திருக்கும். காது குடையும் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு அந்தப் பட்டைகளை மெதுவாகத் துடையுங்கள். பதினைந்து நிமிடம் நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டவும் வேண்டாம்.

அப்படியும் எரியவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே எரிந்தால் பழுது உங்கள் போர்ட்டில். அங்கேயும் எரியவில்லை என்றால் டாங்கிள் போய்விட்டது. அதைப் பிரிக்க வேண்டாம். மொபைல் கடையில் சால்டரிங் செய்யக் கொடுப்பதும் வீண். நேராகத் தயாரிப்பாளரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள், வழக்கமாக உடைந்த டாங்கிளையே ஆதாரமாகக் கேட்பார்கள். ஐலாக் (பல இசை மென்பொருள்கள் பயன்படுத்தும் லைசென்ஸ் முறை) டாங்கிள் வைத்திருப்பவர்கள் ‘ஜீரோ டவுன்டைம்’ என்ற ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால், மாற்று வரும் வரை தற்காலிக லைசென்ஸ் கிடைக்கும். பிழைப்பே அந்த டாங்கிளில் இருக்கிறது என்றால் அந்தச் சந்தா தண்டச் செலவு இல்லை என்பது என் கருத்து.

*விளக்கு எரிகிறது, ஆனாலும் கண்டுகொள்ளவில்லை என்றால்*

கம்ப்யூட்டரை முழுதாக ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஸ்லீப்பில் போட்டு எழுப்புவது போதாது. ஐலாக் என்றால் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் ‘பேஸ் லைசென்ஸ் சர்வீசஸ்’ (PACE License Services) ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுங்கள். அது திரும்பத் திரும்ப நின்றால் ‘ஐலாக் லைசென்ஸ் மேனேஜர்’ புதிய பதிப்பை இறக்கிப் பழையதன் மேலேயே இன்ஸ்டால் செய்தால் போதும். இசை மென்பொருளைத் தொடவே வேண்டாம்.

பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் டாங்கிள் காணாமல் போய் வந்தால், விண்டோஸ் பவர் அமைப்புகளில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் இது அடிக்கடி தொல்லை கொடுக்கும்.

பழைய டாங்கிள்களில் ஒரு சிக்கல் உண்டு. முதல் தலைமுறை ஐலாக்கில் இனிப் புதிய லைசென்ஸ் ஏற்ற முடியாது. கியூபேஸ் என்ற இசை மென்பொருளின் 11-ஆம் பதிப்பு வரைக்கும் அதன் தயாரிப்பாளர் ஸ்டைன்பெர்க் பயன்படுத்திய இ-லைசென்சர் டாங்கிள் சேவை 2025 மே 20-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. டாங்கிளில் ஏற்கெனவே இருக்கும் லைசென்ஸ் தொடர்ந்து ஓடும், ஆனால் புதிதாக ஏற்றவோ வேறு டாங்கிளுக்கு மாற்றவோ வழியில்லை. 2022-இல் வந்த கியூபேஸ் 12 முதல் டாங்கிளே தேவையில்லை. பழைய பதிப்பை யாராவது “மலிவாகத் தருகிறேன்” என்றால் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அறிகுறி 2: கரண்ட் போய் வந்தபின் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கிறது

நேற்று வரை ஓடியது, ராத்திரி கரண்ட் இல்லை, காலையில் திறந்தால் லைசென்ஸ் செல்லாது என்கிறது. இப்படி வந்தால் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். எத்தனையோ வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு, சிஆர் 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். அது தீர்ந்துபோனால் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரைதான் கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியும். தேதி தவறினால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது. சந்தா வகை லைசென்ஸோ, தேதியைத் திருத்தி ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பூட்டிவிடும்.

சரி, என்ன செய்வது? தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் திருத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகிவிட்டால் அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீங்களே மாற்றலாம். லேப்டாப் என்றால் பிரிக்க வேண்டியிருக்கும், கடையில் கொடுப்பதே நல்லது.

தேதி சரியாகத்தான் இருக்கிறது என்றால் சமீபத்தில் எதைச் செருகினீர்கள், எதை எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். சில மென்பொருள்கள் நெட்வொர்க் கார்டின் எண்ணை வைத்துத்தான் கம்ப்யூட்டரை அடையாளம் காண்கின்றன. புதிதாக வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகியது, விண்டோஸில் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்’ இயங்கியது இரண்டுமே அந்த அடையாளத்தை மாற்றிவிடும். பழையபடி வைத்துப் பார்த்தால் பல நேரம் லைசென்ஸ் தானாகத் திரும்பும்.

அறிகுறி 3: இணையம் போனால் மென்பொருளும் போகிறது

பர்லியார் பக்கம் மண் சரிந்தால் ரோட்டோரக் கேபிளும் சேர்ந்து போகும். பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் மொபைல் சிக்னலும் நம்பும்படி இருக்காது. இங்கே இருப்பவர்களுக்கு மிகப் பொருந்தாத பூட்டு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் கிளவுட் லைசென்ஸைத்தான் சொல்வேன். அதில் வசதி இல்லாமல் இல்லை: டாங்கிள் தொலையாது, உடையாது, கோயம்புத்தூர் ஸ்டுடியோவில் உட்கார்ந்தும் உங்கள் கணக்கைத் திறந்து வேலை செய்யலாம். ஆனால் ஐலாக் கிளவுட் வேலை செய்கிற நேரம் முழுவதும் இணைய இணைப்பைக் கேட்கும்.

*லைசென்ஸை இடம் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.* ஐலாக்கில் மூன்று இடம் உண்டு: டாங்கிள், கம்ப்யூட்டர், கிளவுட். ஒவ்வொரு லைசென்ஸுக்கும் இந்த மூன்றில் எவை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார், லைசென்ஸ் மேனேஜரில் அந்த விவரம் தெரியும். கம்ப்யூட்டர் அனுமதிக்கப்பட்டிருந்தால் கிளவுட் செஷனை மூடிவிட்டு லைசென்ஸை இழுத்துக் கம்ப்யூட்டர் மேல் போடுங்கள். இதைச் செய்யும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் இணையம் வேண்டும், மொபைல் ஹாட்ஸ்பாட் போதும். அதன்பிறகு வாரக்கணக்கில் நெட் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

*இணையமே இல்லாத கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்ய வேண்டுமா?* ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் அதற்கு வழி வைத்திருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட்வேர் கோடை எழுதிக்கொண்டு போய், இணையம் உள்ள வேறு கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கில் கொடுத்தால் ஒரு ஃபைல் கிடைக்கும். பென்டிரைவில் கொண்டுவந்து திறந்தால் முடிந்தது. எஃப்எல் ஸ்டுடியோவிலும் கணக்கிலிருந்து ரெஜ்கீ என்ற லைசென்ஸ் ஃபைலை இறக்கி இதேபோல் கொண்டுவரலாம்.

*மாதச் சந்தா என்றால்* மழைக்காலத்துக்கு முன்பே இணையத்தோடு ஒருமுறை திறந்து புதுப்பித்து வையுங்கள். எத்தனை நாள் ஆஃப்லைனில் ஓடும் என்பதை வாங்குமுன்னே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது வேறுபடும். பணம் கட்டுவதை நிறுத்தினால் பழைய ப்ராஜெக்ட்டும் திறக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

அறிகுறி 4: இணையம் நன்றாக இருக்கிறது, ஆக்டிவேஷன் சர்வர் மட்டும் கிடைக்கவில்லை

யூடியூப் ஓடுகிறது, வாட்ஸாப் வருகிறது, இது மட்டும் “சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை” என்கிறது. முதலில் தேதி (அறிகுறி 2). அடுத்து விபிஎன் இருந்தால் அணையுங்கள். பிராட்பேண்டுக்குப் பதிலாக மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயலுங்கள். ஆன்டிவைரஸ் எதையாவது தடுத்து ஓரம் கட்டி வைத்திருக்கிறதா என்று அதன் பட்டியலில் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் நான் நேராகப் போவது ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்குத்தான்: எந்த இணையப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் பட்டியல் அது. பழைய கம்ப்யூட்டரை இன்னொருவரிடம் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் கிராக் செய்த (பூட்டை உடைத்த திருட்டு) மென்பொருள் போட்டிருந்தால், அந்த கிராக் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆக்டிவேஷன் சர்வரின் பெயரை இந்த ஃபைலில் எழுதி வழியை அடைத்திருக்கும். கிராக்கை நீக்கினாலும் அந்த வரிகள் அப்படியே இருக்கும். நீங்கள் முழுப் பணம் கொடுத்து அசலை வாங்கிப் போட்டால், யாரோ வைத்த தடுப்பில் உங்கள் அசல் முட்டி நிற்கும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. அங்கே இருக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ ஃபைலை, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த நோட்பேடில் திறங்கள். ஹேஷ் (#) குறியோடு தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், அவற்றை விட்டுவிடலாம். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, பக்கத்தில் இசை மென்பொருள் நிறுவனத்தின் பெயர் வரும் வரிகள் இருந்தால் நீக்குங்கள். சேமித்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள். ஃபயர்வாலிலும் அதே மென்பொருளைத் தடுக்கும் விதி இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

அப்படி வரிகள் இருந்தன என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு என்னென்ன தங்கியிருக்கிறதோ தெரியாது. பேங்க் கணக்கு, ஜிமெயில் எல்லாம் அதில்தான் பார்க்கிறீர்கள் என்றால், முக்கிய வேலை முடிந்ததும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தமாக விண்டோஸ் போட்டுவிடுங்கள். அதற்கு முன் அறிகுறி 5-ஐப் படியுங்கள்.

“இவ்வளவு தொல்லைக்கு கிராக்கே மேல்” என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சில தயாரிப்பாளர்கள் சோதனைகளை ஆழத்தில் ஒளித்து வைக்கிறார்கள்: கிராக் போட்ட அன்று எல்லாம் நன்றாக இருக்கும், பிறகு ஒருநாள் சேவ் செய்த ப்ராஜெக்ட்டில் சத்தம் மாறி நிற்கும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி அப்படி ஆனால் உதவிக்கு எழுதவும் ஆளில்லை.

அறிகுறி 5: ஃபார்மட் போட்டோம், எஸ்எஸ்டி மாற்றினோம், இப்போது ‘அனுமதித்த எண்ணிக்கை முடிந்தது’

கம்ப்யூட்டரோடு கட்டிய லைசென்ஸின் பலவீனம் இதுதான். மற்றபடி இந்த ஊருக்கு அது நல்ல தேர்வு: ஒருமுறை இணையம் கிடைத்தால் போதும், எதையும் செருகவும் வேண்டாம். ஆனால் ஃபார்மட் போட்டால் டிரைவின் எண் மாறும், மதர்போர்டு போனால் எல்லாமே மாறும். சர்வர் அதைப் புதிய கம்ப்யூட்டராகவே எண்ணும். ஏபிள்டனில் இரண்டு கம்ப்யூட்டர், ஸ்டைன்பெர்க்கின் புதிய முறையில் மூன்று என்று கணக்கு உண்டு.

*பழைய டிரைவ் இன்னும் இருக்கிறது என்றால்* அதைத் திரும்ப அதே கம்ப்யூட்டரில் மாட்டி ஒருமுறை பூட் செய்யுங்கள். இணையத்தோடு ஒவ்வொரு மென்பொருளையும் டீஆக்டிவேட் செய்துவிட்டுப் புது டிரைவுக்கு வாருங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

*பழையது போய்விட்டது என்றால்* நிறுவனத்தின் இணையக் கணக்கில் நுழைந்து பழைய கம்ப்யூட்டரை அங்கிருந்தே நீக்க முடிகிறதா பாருங்கள். ப்ளகின் (இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓடும் துணை மென்பொருள்) தயாரிக்கும் வேவ்ஸ் நிறுவனத்தில் லைசென்ஸை மீட்டெடுக்கும் வசதி ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. அதை அவசரமில்லாத விஷயத்துக்குச் செலவழித்துவிடாதீர்கள். வேவ்ஸ் லைசென்ஸைச் சாதாரண பென்டிரைவிலும் வைக்கலாம், ஆனால் பாட்டு காப்பி செய்ய அதே பென்டிரைவை எடுத்து யாராவது ஃபார்மட் போட்டால் லைசென்ஸும் போகும். அந்தப் பென்டிரைவில் வேறு எதையும் வைக்காதீர்கள், மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

*இணையக் கணக்கிலும் வழியில்லை என்றால்* உதவிப் பிரிவுக்கு ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: வாங்கிய ரசீது, சீரியல் நம்பர், பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி, என்ன பாகம் மாற்றினீர்கள், பிழைச் செய்தியின் படம். மதர்போர்டு மாற்றிய கடை பில்லையும் சேருங்கள். உண்மையைச் சொல்லி எழுதினால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். சனி, ஞாயிறு பதில் வராது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது “கேட்காமல் ஃபார்மட் போடக்கூடாது, ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டும்” என்று ஒரு தாளில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். வாய்வார்த்தை கவுண்டரோடு நின்றுவிடும், உள்ளே வேலை பார்க்கிறவருக்குப் போய்ச் சேராது.

அறிகுறி 6: ப்ராஜெக்ட் திறக்கிறது, நடுவில் இரைச்சல் அல்லது மௌனம்

“அண்ணே, பாட்டு நடுவுல ‘ஸ்ஸ்’னு ஒரு சத்தம் வந்துட்டுப் போகுது. சவுண்ட் கார்டு போயிருச்சாண்ணே?” என்று கேட்பார்கள். நான் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தச் சத்தம் ஒரே இடைவெளியில் வருகிறதா? சீரான இடைவெளியில் வந்தால் அது பழுது இல்லை. ஏதோ ஒரு ப்ளகின் லைசென்ஸ் கிடைக்காமல் டெமோ (வாங்குமுன் சோதித்துப் பார்க்கும்) நிலைக்குப் போய், இடையிடையே தானே இரைச்சல் போடுகிறது. இதற்காகப் புது ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கிறது.

டிராக்குகளை ஒவ்வொன்றாக சோலோ செய்யுங்கள் (அது மட்டும் கேட்கும்படி). சத்தம் வரும் டிராக்கில் ப்ளகின்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் நின்றதோ அதைத் திறந்தால் லைசென்ஸ் செய்தி இருக்கும். அங்கிருந்து மேலே உள்ள அறிகுறிகளில் ஒன்றுக்குப் போகலாம். இடைவெளி சீராக இல்லாமல் கரகரவென்று வந்தால் அது பஃபர் அல்லது எர்த் பிரச்சினை. அது வேறு கதை, எலக்ட்ரீஷியனையும் கூப்பிட வேண்டியிருக்கலாம்.

இதே பழுது வருடாவருடம் வந்தால்: பூட்டையே மாற்றுங்கள்

அடுத்து ஏதாவது வாங்கும்போது சத்தம் எப்படி என்று பார்ப்பதோடு பூட்டு எப்படி என்றும் பாருங்கள். இங்கே என் வரிசை இது. முதலில் சீரியல் நம்பர் அல்லது கீ ஃபைல். ரீப்பர் என்ற இசை மென்பொருளில் 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அதற்குப் பிறகும் பூட்டிக்கொள்ளாது, வாங்கச் சொல்லி நினைவூட்டும், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்து வாங்கிவிடுங்கள், வாங்கினால் ஒரு கீ ஃபைல் தருவார்கள். அதை மின்னஞ்சலிலும் பென்டிரைவிலும் வைத்துக்கொண்டால் எந்த மண்சரிவும் அதைத் தொடாது. இரண்டாவது கம்ப்யூட்டரோடு கட்டிய லைசென்ஸ். மூன்றாவது டாங்கிள்: வெளியூருக்குக் கச்சேரி ரெக்கார்டிங் போகிறவர்களுக்கு இதுவே முதலிடத்துக்கு வரும், எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகலாம், நெட் வேண்டாம். ஆனால் டாங்கிளுக்கே தனியாகக் காசு போகிறது, பஸ்ஸில் தொலைத்தால் அதிலுள்ள அத்தனையும் போகிறது. கடைசியில் சந்தாவும் கிளவுடும்.

சந்தாவைக் கடைசியில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2023 மார்ச்சில் வேவ்ஸ், இனி ப்ளகின்கள் சந்தாவில் மட்டுமே என்று திடீரென அறிவித்தது. பயனர்கள் கடுமையாக எதிர்த்ததும் சில நாளில் பின்வாங்கி நிரந்தர லைசென்ஸைத் திரும்பக் கொண்டுவந்தது. விதியை ஒரே அறிவிப்பில் மாற்றும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது.

சர்வரே மூடப்பட்டுவிட்டால் எந்தப் பொறியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கான மருந்து முன்கூட்டியே செய்வதுதான். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் எல்லா டிராக்கையும், எஃபெக்ட்டோடு ஒரு முறை, எஃபெக்ட் இல்லாமல் ஒரு முறை, 24 பிட் வேவ் (WAV) ஃபைல்களாக எடுத்து, எல்லாம் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி ஏற்றுமதி செய்யுங்கள். மிடி (வாசித்த ஸ்வரங்களின் பதிவு) இருந்தால் அதையும் தனியாகச் சேமியுங்கள். ஒரு தாளில் டெம்போ, ஸ்ருதி, எந்த ப்ளகின், எந்தப் பதிப்பு என்று எழுதி அதையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, இன்னொன்று கீழே சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். வேவ் ஃபைலைத் திறக்க யாருடைய லைசென்ஸும் தேவையில்லை.